தலையணையில் எழுபத்தைந்து

கவாலாவில், துறைமுகத்துக்கு மேலே மூன்றாம் தெருவில்
ஒரு புகையிலைக் கிடங்கு
மாணவர் விடுதியாகிக்கொண்டிருந்தது.
நான்கு தளம், தொண்ணூற்றாறு கட்டில்,
இன்னும் வந்துசேராத மெத்தைகள்.
புகையை இலையாக மடித்து
அடுக்கி வைத்திருந்த இடத்தில்
புகையைப் பிடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு.
தொம்னா சிரித்தாள். சிரிக்கலாம்தான்.

தாளில் எல்லாம் சுலபம்.
வட்டம் என்றால் உணரி,
சதுரம் என்றால் கண்ணாடிக்குள் பொத்தான்.
சிவப்புக் கோடு பலகையிலிருந்து புறப்பட்டு
ஒவ்வோர் அறையையும் நலம் விசாரித்துவிட்டு
வேறு வழியாகப் பலகைக்கே திரும்பும்.
நடுவில் எங்கே அறுந்தாலும்
இரு முனையிலிருந்தும் பேச்சு தொடரும்.

கட்டடம் தாளைப் படிக்கவில்லை.
அதன் உத்திரங்கள் ஒன்றரை முழம் இறங்கி நிற்கின்றன.
இரண்டு உத்திரங்களுக்கு இடையே
புகை தேங்கும், தலைகீழ்க் குளம் போல.
குளத்துக்கு ஒன்று என்று வைத்தேன்.
"இத்தனை கண்களா?" என்றார்
ஒப்பந்தக்காரர் லாம்ப்ரினோஸ்.
உத்திரத்தைக் குறையுங்கள்,
கண்ணைக் குறைக்கிறேன்.

சோதனை நாளில்
நீண்ட கம்பின் நுனியில் ஒரு கிண்ணம்,
கிண்ணத்துக்குள் டப்பாப் புகை.
தொம்னா மேலே கவிழ்த்துக்கொண்டே போக
நான் கீழே பலகை முன்னால்.
"நாற்பத்தொன்று."
வந்தது.
"நாற்பத்திரண்டு."
வந்தது. நாற்பத்து மூன்றும் வந்துவிட்டது.
"கம்பை இன்னும் தூக்கவே இல்லையே."

படியேறிப் போனேன்.
தச்சன் ஃபோத்திஸ் உத்திரத்தை இழைத்துக்கொண்டிருந்தான்,
காதில் பஞ்சு, முகத்தில் முகமூடி.
ஜன்னல் வெயிலில் பழுப்பாக ஒரு தூசி
அவசரமில்லாமல் மிதந்தது.
உணரியைத் திருகி எடுத்துத் திறந்தேன்.
உள்ளே ஒரு சிட்டிகைப் பொடி.
விரலில் தொட்டு முகர்ந்தால்
முதலில் தேன், பிறகு வைக்கோல்,
கடைசியில் தொண்டைக்குள் இறங்கும் கசப்பு.
யாரும் பற்றவைக்காத ஒரு சிகரெட்டை
எழுபது வருடம் கழித்து
கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது
ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய பிளாஸ்டிக்.

பதிவேட்டில் "பொய் எச்சரிக்கை" என்று எழுத வேண்டும்.
"பொய்" என்ற இடத்தில் பேனா நின்றது.
"காரணம்: தூசி" என்று மட்டும் எழுதினேன்.
தச்சு வேலை முடியும்வரை
தூசித் தொப்பியைக் கழற்றக் கூடாது என்பது விதி.
கழற்றியது யார் என்று லாம்ப்ரினோஸ் கத்தினார்.
நான்தான்.

வாசலில் பழைய இரும்புக் கதவு.
தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.
ஒருவர் மடியிலும் ஓர் இலைகூடப் போகக் கூடாதென்று
வேலை முடியும்வரை பூட்டியே வைப்பார்களாம்.
தாழ்ப்பாளைப் பெயர்க்காதே, அது வரலாறு
என்று தொல்லியல் துறையிலிருந்து கடிதம்.
சரி, இருக்கட்டும்.
பற்றவைத்து அசையாமல் செய்துவிட்டோம்.
அதற்குப் பின்னால் என் கதவு,
ஒரு காந்தத்தின் பிடியில்.
மணி அடித்தால் காந்தம் கைவிட வேண்டும்,
மின்சாரம் போனாலும் கைவிட வேண்டும்.
கைவிடுவதற்காகவே சம்பளம் வாங்கும் ஒரே பொருள்
இந்தக் கட்டடத்தில் அதுதான்.
சுவிட்சை இறக்கினேன்.
டக்.
உப்புக் காற்று கேட்காமலே உள்ளே வந்தது.

மிச்சம் இருந்தது சத்தம்.
அறைக் கதவு சாத்தியிருக்க,
தலையணை இருக்குமிடத்தில்
எழுபத்தைந்து டெசிபெல் கேட்க வேண்டும்.
தலையணை இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
தொம்னா தன் ஜாக்கெட்டைச் சுருட்டித்
தரையில் படுத்தாள், காதருகே மீட்டர்.
அடித்தேன்.
எழுபத்தொன்று.

ஃபோத்திஸின் கதவு நல்ல கதவு.
எங்களையும் சேர்த்துத் தடுக்கிறது.
அறைக்குள்ளேயே ஒரு மணி வைத்தாக வேண்டும்.
லாம்ப்ரினோஸ் கணிப்பொறியைத் தட்டத் தொடங்கினார்:
நான்குதானே, வெறும் நான்கு.

அக்டோபரில் யாரோ வருவாள்.
பெயர் தெரியாது, ஊர் தெரியாது.
மறுநாள் பரீட்சை,
ஒரு காது தலையணையில் புதைந்திருக்கும்.
அந்த நான்கு டெசிபெல் ஆழத்தில்
அவள் தூங்குவாள்.

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
தொம்னா எழுந்திருக்கவில்லை.
கண்ணை மூடியபடியே சொன்னாள்:
"கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அடி.
நிஜமாகவே தூங்கிப் பார்க்கிறேன்."